ஒரே அமர்வில் ஒரு மனிதர்: ராமநாதபுரம் கடற்கரையில் ஆளை எதிரே வைத்து ஆயில் பெயின்ட்டில் வரைய முழு வழிகாட்டி

ஆளை எதிரே உட்கார வைத்து ஆயில் பெயின்ட்டில் ஒரே மூச்சில் வரையக் கை வேகம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கை மெதுவாகவே போகலாம். பார்ப்பதற்கும் கலர் கலப்பதற்கும் தாராளமாக நேரம் கொடுத்து, போர்டில் பிரஷ் படுகிற தடவைகளைக் குறைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் படம் முடிந்துவிடும். கீழே சொல்கிற எல்லாமே அதைச் செய்து பழகுவதற்கான வழிதான்.

கீழ்ப்பூச்சு காயும்வரை காத்திருக்காமல், ஈரத்தின் மேலேயே ஈரம் வைத்து ஒரே அமர்வில் முடிக்கிற இந்த முறைக்கு ஓவியர்கள் வைத்திருக்கும் பெயர் ஆலா ப்ரீமா. 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் ஃபிரான்ஸ் ஹால்ஸ் துணிச்சலான பிரஷ் வீச்சுக்குப் பேர்போனவர். பின்னால் வந்த ஜான் சிங்கர் சார்ஜென்ட், ஸ்வீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் எல்லாரும் இந்த வழியில் பெரிய ஆட்கள். ஆனால் நம் கடற்கரைக்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டியது ஸ்பெயின் நாட்டு ஹோவாகீன் சொரோயாவின் (1863–1923) படங்களை. வலென்சியா கடற்கரையில், வெயிலிலும் காற்றிலும் கான்வாஸை நிறுத்தி மீனவர்களையும் பாய்மரத் துணி தைக்கிறவர்களையும் வரைந்தவர் அவர். நெட்டில் அவர் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு தோளுக்கு அவர் வைத்திருக்கும் தீற்றல்களை எண்ணிவிடலாம்.

ரவி வர்மாவைக் காலண்டரில் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. வழவழவென்று தேய்த்து முடித்தால்தான் படம் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. அந்த அழகு வேறு, அதற்கான நேரமும் வேறு. இங்கே பிரஷ் போன தடம் தெரிய வேண்டும். அதுதான் படத்துக்கு உயிர்.

யாரை வரைவது, எப்படிக் கேட்பது

அசையாமல் உட்காருவது கஷ்டமான வேலை. பழக்கமில்லாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து 'அசையாதீங்க' என்றால் பத்து நிமிடத்தில் கழுத்து விறைத்து முகம் செத்துப்போகும். அதனால் உட்கார்ந்தபடி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஒருவரைத் தேடுங்கள். வலை சரிசெய்கிறவர், கருவாடு தரம் பிரிக்கிறவர், பனை ஓலை முடைகிறவர். அவர் கை போகும், வரும். உடம்பின் சாய்வு மாறாது. கை நீங்கள் விரும்பிய இடத்துக்கு ஒரு நிமிடத்தில் பலமுறை திரும்பி வரும். அந்த நொடிக்காகக் காத்திருந்து பார்த்தால் போதும்.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி எங்கும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மராமத்து வேலை, வலை வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், பேச நேரமும் இருக்கும். வருமானம் இல்லாத மாதங்களும் அவைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலியில் பாதியாவது கொடுங்கள். முதலிலேயே சொல்லி, முடிந்தவுடன் கையில் கொடுங்கள். 'படத்தைத் தர்றேன்' என்பது கூலிக்கு ஈடாகாது. படத்தின் போட்டோவைத் தனியாக அனுப்பி வையுங்கள்.

கேட்கிற விதம் எளிமையாக இருக்கட்டும்: "அண்ணே, நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. நான் ஓரமா இருந்து உங்களைப் பாத்து வரையிறேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே சொல்றேன், எந்திரிச்சுக் காலை நீட்டிக்கங்க." பெண்களை வரைவதானால் அவர்கள் வீட்டு வாசலில், வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது வரைவதே முறை. பாசி எடுக்கப் போகிற பெண்களின் உருவம் இந்தக் கரைக்கே உரியது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் சுற்றிய துணி. ஆனால் கடலிலிருந்து நனைந்து களைத்து ஏறி வருகிற நேரத்தில் அவர்களை நிறுத்தி வைக்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பார்த்துப் போகிறவர்கள் அவர்கள். இடைப்பட்ட நாட்களில் "அக்கா, உங்களுக்குத் தோதான நாள் சொல்லுங்க" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். முடியாது என்று ஒருவர் சொன்னால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

எந்தக் கரை, எந்த நேரம்

இங்கே நமக்கு இரண்டு கடல். மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்பார்கள். ஒன்று பாக் நீரிணைப் பக்கம், மற்றது மன்னார் வளைகுடா. ஓவியருக்கு இது பெரிய வசதி. ஸ்டூடியோ கட்டுகிறவர்கள் வடக்குப் பார்த்த ஜன்னல் வைப்பார்கள், நேர் வெயில் விழாமல் ஒரே மாதிரி வெளிச்சம் வருவதற்காக. வடகடல் ஓரத்து ஓலைக் கொட்டகையில் அது கூலியில்லாமல் கிடைக்கிறது. கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பக்கம் வடக்கு. உள்ளே உட்கார்ந்தவர் மேல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வான வெளிச்சம் விழும், மறுபக்கம் நிழல் தெளிவாகப் பிரியும்.

ஒரு திருத்தம் உண்டு. மே, ஜூனில் சூரியன் சற்று வடகிழக்கில் எழும். அப்போது காலையில் கொட்டகைக்குள் சாய்வாக ஒரு வெயில் பட்டை நுழையும். கிழக்குப் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டால் சரி. நீலத் தார்ப்பாய் வேண்டாம், ஆள் முகமெல்லாம் நீலமாகிவிடும். சாக்கு நல்லது.

வெளியே வெயிலில் வரைவதானால் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லையேல் மாலை நான்கரைக்கு மேல் தொடங்குங்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் பகல் பன்னிரண்டேகால் வாக்கில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கண்குழி இரண்டும் கரிப்பள்ளமாகி, மூக்கு நிழல் உதட்டில் விழுந்து, யாரை வரைந்தாலும் ஒரே முகம்தான் வரும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஒரு மணி நேரம் வரைந்தால் தொடக்கத்தில் பார்த்த நிழல் முடிவில் இருக்காது. முதலில் நிழலின் எல்லையைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு அது எங்கே நகர்ந்தாலும் குறித்த இடத்தை மாற்றாதீர்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரம் அடங்கியிருக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் இது தலைகீழ். எந்தக் கரையில் படகு அமைதியாக நிற்கிறதோ அங்கே போய் வரையுங்கள். தனுஷ்கோடி மணலில் ஈசலை (போர்டைத் தாங்கும் கால் சட்டத்தை) நிறுத்தி உருவம் வரையப் போகாதீர்கள். நிழலும் இல்லை, காற்றும் விடாது. தென்னந்தோப்பு நிழலும் வேண்டாம். கீற்று இடுக்கில் விழும் வெயில் புள்ளிகள் ஆள் மேல் ஆடிக்கொண்டே இருக்கும், உருவத்தின் திரட்சி பிடிபடாது.

உங்கள் போர்டும் நிழலில்தான் இருக்க வேண்டும். வெயில் விழும் போர்டில் கண் கூசி எல்லாவற்றையும் இருட்டாகப் பூசிவிடுவோம். வீட்டுக்குக் கொண்டுபோனால் படம் கறுத்துக் கிடக்கும். சட்டையும் மங்கலான நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டையின் சாயல் ஈரப் பெயின்ட்டில் விழுந்து கலரை ஏமாற்றும்.

சாமான்கள்

கடற்கரை ஈரத்தில் கான்வாஸ் தொய்யும். 10 × 12 அங்குல ஹார்ட்போர்டு வாங்கி, இரண்டு கை அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வையுங்கள். அதற்கு மேல் பழுப்பு கலந்த நடுத்தரச் சாம்பல் நிறத்தில் அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. வெள்ளைப் போர்டில் நம் ஊர்த் தோல் நிறத்தை வைத்தால் எதை வைத்தாலும் அளவுக்கு மீறி இருட்டாகத் தெரியும், பயந்து வெள்ளையைக் கலப்போம். சாம்பல் பூச்சின் மேல் இருட்டும் வெளிச்சமும் இரண்டுமே உடனே பிடிபடும்.

பிரஷ் நான்கு போதும், எல்லாம் பன்றிமுடி பிரஷ்: ஒரு அங்குல அகலத்தில் ஒரு ஃப்ளாட் (தட்டை பிரஷ்), 8ஆம் நம்பர் ஃபில்பர்ட், அதாவது முனை வளைந்த தட்டை பிரஷ் இரண்டு (ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நிழலுக்கு), 4ஆம் நம்பர் ஒன்று. மெல்லிய பிரஷ்ஷை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கையில் இருந்தால் கண் இமைக்குப் போய்விடுவோம். கலர் கலக்கவும் சுரண்டவும் ஒரு பேலட் கத்தி, பழைய பனியன் துணி நிறைய, பழைய செய்தித்தாள், மூடியுள்ள சின்ன டப்பாவில் டர்பன்டைன்.

கலரில், டைட்டானியம் வொயிட் பெரிய டியூப், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் ப்ளூ. கறுப்பு வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் கறுப்புக்கு நெருக்கமான ஆழமான இருட்டு கிடைக்கும், சூடாகவோ குளிர்ச்சியாகவோ நாமே திருப்பிக்கொள்ளலாம். கேமல் ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலர் பழகுவதற்குத் தாராளம். பெயின்ட்டை இளக்கத் தேங்காய் எண்ணெயைத் தொடவே கூடாது. பெயின்ட்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், தேங்காய் எண்ணெய் என்றைக்கும் இறுகாது, படம் பிசுபிசுத்தபடியே கிடக்கும்.

ஈசல் காலில் மணல் நிரப்பிய சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். குடிக்கவும் கைகழுவவும் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிற ஊர்கள் இவை.

கலரை முன்கூட்டியே கலப்பது

படத்தின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது, அவசரப்படாதீர்கள். ஆள் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கட்டும். நீங்கள் பிரஷ்ஷைத் தொடாமல் கத்தியால் கலந்துகொண்டிருங்கள். கால் மணி நேரம் போனாலும் பரவாயில்லை. அவரும் அதற்குள் உங்களை மறந்து இயல்பாகிவிடுவார்.

டியூபில் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று விற்கும் இளஞ்சிவப்பு நம் மக்களுக்கான கலரே இல்லை. அதில் தொடங்கி இருட்டாக்கிக்கொண்டே போனால் மண் நிறம்தான் மிஞ்சும். இருட்டிலிருந்து மேலே ஏறுங்கள். முதல் குவியல் நிழல்: பர்ன்ட் சியன்னா, அதில் பாதிக்கும் குறைவாக அல்ட்ராமரின், ஒரு துளி அலிசரின். இதில் வெள்ளை கிடையாது. நிழலில் வெள்ளை சேர்ந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். இரண்டாவது நடுத்தரம்: பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும், நீலம் துளி. மூன்றாவது வெளிச்சப் பக்கம்: அதே நடுத்தரத்தில் முதலில் ஓக்கரும் காட்மியம் ரெட்டும் கூட்டிப் பாருங்கள். அதற்கும் மேலே வெளிச்சம் வேண்டும் என்றால் மட்டும் வெள்ளை.

நான்காவது குவியல்தான் பலர் கோட்டை விடுகிற இடம். கறுத்த தோல் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். வெளிர்ந்த தோலில் பளபளப்பு பெரிதாகத் தெரியாது, சுற்றிலும் ஏற்கெனவே வெளிச்சமாக இருப்பதால். கறுத்த தோலில் நெற்றி மேடு, கன்ன எலும்பு, தோள் உருண்டை எல்லாவற்றிலும் வானத்தின் நிறமே உட்கார்ந்திருக்கும். கொட்டகைக்குள் வடக்கு வெளிச்சத்தில் அது நீலச் சாம்பல். வெள்ளையும் அல்ட்ராமரினும் கலந்து, அதில் தோல் கலரைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். மாலை வெயிலில் அதே இடம் காவியும் மஞ்சளும் கலந்ததாக மாறும். வியர்வை இருந்தால் பளபளப்பின் ஓரம் இன்னும் கூர்மையாகும். வெறும் வெள்ளையைப் புள்ளி வைத்தால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும்.

ஐந்தாவது மணலிலிருந்து எதிரொளிக்கிற வெளிச்சம். தாடைக்கு அடியில், முழங்கையின் கீழ்ப்புறத்தில், மூக்கின் அடியில் பாருங்கள், ஆரஞ்சுச் சாயலில் ஒரு மினுக்கம் இருக்கும். பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும். அழகாக இருக்கிறதே என்று அதை வெளிச்சமாக்கிவிடக் கூடாது. நிழலுக்குள் இருக்கும் எந்த மினுக்கமும் வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தை விடவும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் உருவம் திரண்டு நிற்கும்.

கடலில் வேலை செய்கிறவர் உடம்பில் ஒரே நிறம் இருக்காது. நெற்றியும் புறங்கையும் கறுத்து, சட்டைக்குள் இருந்த தோள் வெளிர்ந்து, காது மடலும் விரல் முட்டியும் சிவந்து, கால் எலும்பு ஓரம் உப்புப் பூத்து வெளிறியிருக்கும். உள்ளங்கையும் பாதமும் தனி. ஒவ்வொன்றுக்கும் குவியல் வேண்டாம், இந்த ஐந்திலிருந்தே சாய்த்துக்கொள்ளலாம். எங்கே சாய்க்க வேண்டும் என்பது மட்டும் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

துணியையும் இப்போதே ஒப்பிட்டுவிடுங்கள். வெயிலில் வரைகிறீர்கள் என்றால் நிழலில் மடிந்திருக்கும் வெள்ளை வேட்டியையும் வெயில் படும் பழுப்புத் தோளையும் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும், சில நேரம் வேட்டிதான் இருட்டு. 'வேட்டி வெள்ளை, ஆள் கறுப்பு' என்று மனம் சொல்வதைக் கேட்டால் வெயில் படத்துக்குள் வராது.

கையைப் பழக்கிவிடுவது

செய்தித்தாளில் கரியால் இரண்டு நிமிடப் படம் மூன்று நான்கு போடுங்கள். முகம், விரல் எதுவும் வேண்டாம். தலையிலிருந்து இடுப்பு வரை முதுகு எப்படி வளைகிறது, எடை எந்தப் பக்கம் இறங்குகிறது, அது மட்டும். மணிக்கட்டைப் பூட்டிவிட்டுத் தோளிலிருந்து கையை ஓட்டுங்கள்.

முதல் இருபது நிமிடம்

போனில் அலாரம் வைத்துவிடுங்கள். நீங்கள் வரைவதில் மூழ்கிவிடுவீர்கள், ஆளின் இடுப்பு வலி உங்களுக்குத் தெரியாது.

நிழல் கலரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, அகல பிரஷ்ஷால் ஆளின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம் நான்கையும் போர்டில் குறியுங்கள். இந்த நான்கு புள்ளிக்குள் அவர் உட்கார்ந்துவிட வேண்டும். அப்புறம் சாய்வுகள்: தோள் கோடு, இடுப்புக் கோடு, தலையின் சாய்வு. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாயும்போதுதான் உடம்பில் உயிர் தெரியும். மனசுக்குள் நேராக்கிவிடாமல், கண்ணுக்குத் தெரிவதை விட ஒரு நூல் கூடுதலாகவே சாயுங்கள்.

இப்போது கண்ணை நன்றாகச் சுருக்குங்கள். விவரம் எல்லாம் மறைந்து, வெளிச்சம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு என்று இரண்டாகப் பிரியும். நிழலை மொத்தமாக, முடி, கண்குழி, கழுத்துநிழல், சட்டையின் இருட்டு எல்லாவற்றையும் இணைத்து ஒரே வடிவமாக நிரப்புங்கள். முடி வேறு, கழுத்து வேறு என்று எல்லை கட்ட வேண்டாம். பின்னணியையும் இப்போதே வையுங்கள். பின்னணி இல்லாமல் தோல் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதை யாராலும் கணிக்க முடியாது.

அலாரம் அடித்ததும் விட்டுவிடுங்கள். அவர் எழுவதற்கு முன் பாதம் இருந்த இடத்தில் நான்கு சிப்பி, உட்கார்ந்த இடத்தின் ஓரத்தில் இரண்டு சிப்பி வையுங்கள். மணலில் டேப் ஒட்டாது. அவர் டீ குடித்து வரட்டும். நீங்கள் பத்தடி தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். இந்தத் தூரத்தில் ஆள் தெரியவில்லை என்றால் இப்போதே துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் லாபம். அவர் பீடி பற்ற வைப்பவர் என்றால் டர்பன்டைன் டப்பாவை மூடித் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது இருபது நிமிடம்

பெயின்ட் இனிமேல் கெட்டியாக, டர்பன்டைன் கலக்காமல். நீர்த்த ஈரத்தின் மேல் கெட்டி ஈரம் நிற்கும். அதற்கு எதிராகச் செய்தால் வழுக்கி, கலங்கி, சேறாகும்.

ஒவ்வொரு தீற்றலுக்கும் வரிசை ஒன்றே: ஆளைப் பார், கலரைக் கலந்து சரிபார், வை, விடு. வைத்த தீற்றலைத் திரும்பத் தடவாதீர்கள். தப்பாக இருந்தால் கத்தியால் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். தடவத் தடவ அடியில் இருக்கும் நிழல் கலர் மேலே ஏறி எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். இரண்டு மூன்று தீற்றலுக்கு ஒருமுறை பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள். டர்பன்டைனில் அலசாமல் துடைத்தாலே போதும்.

வலை சரிசெய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கால் ஒன்றை நீட்டி, பெருவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். இடது கை வலையை விரிக்க, வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி போய் வருகிறது. படத்தின் இறுக்கம் முழுக்க அந்தப் பெருவிரலுக்கும் இடது கைக்கும் நடுவில் இருக்கிறது. முகத்தில் தொடங்காமல் அந்தக் கோட்டில் தொடங்குங்கள். பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்து, பக்கத்து விரலிலிருந்து விலகி நிற்கும். அதன் மேல்தளத்துக்கு வெளிச்சக் கலரில் ஒரு தீற்றல், நகத்துக்கு நீலச் சாம்பலில் ஒரு சின்ன அழுத்தம், அடிப்பக்கம் மணலின் ஆரஞ்சு. மூன்றே தீற்றல். வலை இழையை வரையப் போகாதீர்கள். மங்கிய பச்சை நீலத்தில் ஒரு படலம் தேய்த்து, அது ஈரமாக இருக்கும்போதே பிரஷ்ஷின் பின்கட்டையால் நான்கைந்து கோடு கீறினால் அடிப்பூச்சின் சாம்பல் தெரியும். அது வலைக்குப் போதும்.

கைகளுக்கும் இதே வழி. ஐந்து விரலை ஐந்தாக எண்ணாமல் புறங்கை ஒரு தளம், மடங்கிய விரல்கள் சேர்ந்து ஒரு தளம், பெருவிரல் தனி. முகத்தில் கண்ணை வரையாமல் கண்குழியை வையுங்கள். குனிந்து வேலை பார்ப்பவரின் கண் நமக்குத் தெரிவதே இல்லை. இமையின் மேல் விழுந்த வெளிச்சம்தான் தெரிகிறது. நிமிர்ந்து பார்க்கும்போதும் கண்வெள்ளையில் வெள்ளை கிடையாது, அது நடுத்தரச் சாம்பல்.

மூன்றாவது இருபது நிமிடம்

இது விளிம்புகளுக்கான நேரம். எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருந்தால் ஆள் கத்தரித்து ஒட்டினதுபோல் இருப்பார். நிழல் பக்கத்துத் தோள் பின்னணி இருட்டோடு சேருகிற இடத்தில் காய்ந்த பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்து இரண்டையும் கலந்துவிடுங்கள். வெளிச்சத்தில் இருக்கும் நெற்றி ஓரமும் பெருவிரல் ஓரமும் கூர்மையாக நிற்கட்டும். பார்ப்பவரின் கண் எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் கூர்மை.

கடைசியாக வைப்பவை நான்காவது குவியலின் பளபளப்புகளும், நாசித் துவாரம், உதட்டின் நடுக்கோடு, அக்குள் போன்ற ஆழமான இருட்டுகளும். இவை கெட்டியாக, பெயின்ட் எழும்பி நிற்கும்படி, ஒரே தடவையில். வெளிச்சத்தில் பெயின்ட் கனமாகவும் நிழலில் மெல்லிசாகவும் இருந்தால் படம் தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்குத் திரளும்.

பிரஷ்ஷின் போக்கு

உணர்ச்சி கலரை விடத் தீற்றலின் திசையில்தான் அதிகம் இருக்கிறது. இழுபடுகிற இடத்தில் தீற்றலும் இழுபடும் திசையில் போகட்டும். கைலி மடிப்பு கனத்துத் தொங்கும் இடத்தில் மேலிருந்து கீழே கனமாக இறங்கட்டும். வயதான ஆச்சியின் கன்னத்தில் குறுக்காக, சின்னச் சின்ன தளங்களாக வையுங்கள். வளர்ந்த பையன் முதுகில் ஒரே நீண்ட வீச்சு. ஆளைப் பற்றி உங்களுக்குள் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும், 'இவர் பொறுமைசாலி' அல்லது 'இந்த அக்கா எதற்கும் அசைய மாட்டார்' என்று. அந்த வாக்கியத்துக்குத் தேவையில்லாத எதையும் வைக்காமல் விடுங்கள். பின்னால் நிற்கும் படகு, பாம்பன் பாலம், தென்னை எல்லாம் இழுக்கும். ஆள்தான் படம்.

பழகுவதற்கு நல்ல பயிற்சி ஒன்று: ஐம்பதே தீற்றலில் ஒரு தலை. ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே வையுங்கள். முப்பதைத் தாண்டும்போது அடுத்ததை வைக்குமுன் நீங்கள் பார்க்கும் நேரம் தானாக நீளும்.

கலங்கிப் போனால்

ஓரிடத்தில் பெயின்ட் ஏறி ஏறிச் சேறாகிவிட்டால் செய்தித்தாளை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உரித்தெடுங்கள். மேல் கனம் தாளோடு வந்துவிடும், அடியில் மங்கலான வடிவம் தங்கும். லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியின் ஆசிரியர் ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை டாங்கிங் என்கிறார்கள். உரித்த இடம் பல சமயம் முன்னைவிட நன்றாக இருக்கும். அதை அப்படியே விட்டுவிடவும் தயங்க வேண்டாம்.

மணல் பறந்து ஒட்டினால் ஈரத்தில் நோண்டாதீர்கள். காய்ந்தபின் கத்தி முனையால் தட்டினால் உதிர்ந்துவிடும். கொசு, பூச்சிக்கும் இதேதான்.

அடுத்து எங்கே வைப்பது என்று தேடத் தொடங்கினீர்கள் என்றால் படம் முடிந்துவிட்டது. நேரம் மிச்சம் இருந்தாலும் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். உட்கார்ந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "என் காலு இப்பிடித்தான் இருக்கும்" என்று முகத்தை விட்டுவிட்டுக் காலைச் சொன்னால், பெருவிரலில் தொடங்கியது பலித்துவிட்டது.

கொண்டுபோவது, சுத்தம் செய்வது

ஈரப் படத்தைப் பஸ்ஸில் கொண்டுபோக, அதே அளவுள்ள இன்னொரு போர்டை எதிர் எதிரே வைத்து, நான்கு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய சின்னத் துண்டுகளை இடையில் கொடுத்து, கிளிப் மாட்டிவிடுங்கள். பெயின்ட் எதிலும் படாது.

பிரஷ்ஷைக் கடல்நீரில் கழுவாதீர்கள், உப்பு முடியில் தங்கும். முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, கொஞ்சம் சமையல் எண்ணெயில் பிசைந்து மறுபடி துடைத்து, வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குச் சுத்தமாகப் போகும்வரை அலசுங்கள். மிச்ச டர்பன்டைனை மணலிலோ கடலிலோ ஊற்றக் கூடாது. மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். சாப்பிடுமுன் கையை நகக்கண்ணோடு தேய்த்துக் கழுவுங்கள். காட்மியம் வயிற்றுக்குள் போகக் கூடாத சரக்கு.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்து ஓலைக் கொட்டகையில் விட்டுவிட்டு வரவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டைக் கிளப்பும். கசக்கி அடைத்த துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்பே இல்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி எடுத்துவந்து, வீட்டில் தரையில் தனித்தனியாக விரித்துக் காயவிட்ட பிறகு குப்பையில் போடுங்கள்.

படத்தை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வையுங்கள், வாசலில் வேண்டாம். பர்ன்ட் சியன்னா வைத்த இடம் சில நாளில் காயும், கெட்டி வெள்ளையும் காட்மியமும் வாரக்கணக்கில் எடுக்கும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இன்னும் கூடும். ஆறு மாதம் கழித்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மேலே படிந்த உப்பை மென்மையாக ஒற்றி எடுத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, அதன்பின் வார்னிஷ் பூசலாம்.